வெட்டுப்பட்ட தண்ணீர்

நெடுவாக்குளத்துக்குத் தண்ணீர் நடந்துதான் வந்தது. மழை பெய்து வரவில்லை, ஆறு பெருகி வரவில்லை, வரத்துக்கால்வாய் நாற்பது வருஷத்துக்கு முன்பே தூர்ந்து அதன்மேல் ஒரு ரைஸ்மில்லும் ஒரு கல்யாண மண்டபமும் நின்றுகொண்டிருந்தன; ஆகவே தை மாதத்து வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தார் ரோட்டின் இடது ஓரமாக, சினைமாடு நடக்கிற நிதானத்தில், முழங்கால் உயரத்துக்கு மேலே ஏறாமலும் கீழே இறங்காமலும், பின்னால் வந்த மினிபஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு வந்தது. ஹாரன் அடித்ததும் ஒதுங்கிக்கொண்டதாகவும், இந்த ஊர் ஆட்களைவிட மரியாதை தெரிந்த தண்ணீர் என்றும் டிரைவர் பிறகு டீக்கடையில் சொன்னார்.

வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடைச் சுவரில் உத்தரவு ஒட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வற்றிப்போன கண்மாய்களையெல்லாம் மறுபடி நனைக்க வேண்டும் என்று மேலே விதி போட்டிருந்தார்கள். காற்றுக்கு நல்லது, பறவைக்கு நல்லது, நிலத்தடிக்கு நல்லது என்று காரணமும் எழுதியிருந்தார்கள், காரணத்தில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் கண்மாயின் வயிற்றில், ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற உள்வாயில், இப்போது நூற்றுப்பத்து ஏக்கர் குண்டுமிளகாய் நின்றது. அதைப் பயிர் செய்தவர்கள் ஒருவருக்கும் அது சொந்தமில்லை. பட்டா டவுன்காரர்கள் பெயரில் இருந்தது, குத்தகை வாய்வார்த்தையில் இருந்தது. உத்தரவு சொன்னது இவ்வளவுதான்: தண்ணீர் வந்த முப்பதாம் நாள் அளக்க வருவோம், முழங்கால் தண்ணீர் நிற்கிற நிலம் கண்மாய், அதற்கு நிவாரணம் பட்டாக்காரருக்கு, காய்ந்து பயிர் நிற்கிற நிலம் வயல், அதில் பாடுபடுகிறவர் பெயர் பதிவேட்டில் ஏறும்.

பெயர் ஏறும் என்பதை இருளாயி மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நாற்பத்திரண்டு வயதுக்குள் அவள் பெயர் எந்தத் தாளிலும் நிலத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்டதில்லை. புருஷன் கேரளாவுக்கு ரோடு வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகியும் வராததால், இரண்டு ஏக்கர் குத்தகை மிளகாயும், தாய் செத்தபோது இடுப்பில் ஏற்றிக்கொண்டு வளர்த்த தம்பி தவசியும்தான் அவளுக்கு இருந்தார்கள். தவசிக்கு முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வயலுக்கு அடுத்த வயலை அவன் செய்தான். இரண்டு வயலுக்கும் பட்டாக்காரர் ஒருவர்தான், பரமக்குடியில் இருந்த திருமேனிநாதன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கண்மாய்க்கு முதல் தண்ணீர் வந்தால் பெண்கள் கரைமேல் நின்று குலவையிட வேண்டும், மடையடியில் கிடாய் வெட்ட வேண்டும். தண்ணீர் வராத நாற்பது வருஷமும் ஆடி பிறந்தால் காய்ந்த மடையைப் பார்த்துக் குலவையிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், வராது என்ற தைரியத்தில். அதனால் தண்ணீர் ரோட்டை விட்டு இறங்கிக் கரையை நோக்கித் திரும்பியபோது, மறியல் பண்ண வேண்டும், குறுக்கே படுக்க வேண்டும் என்று முதல்நாள் கூட்டம் போட்டுப் பேசிய அத்தனை பெண்களுக்கும் வாயில் நாக்கு தானாகச் சுழன்றது. முன்குரல் எடுத்தவள் இருளாயி, அவள் எடுத்தால் மற்றவர்களால் சும்மா நிற்க முடியாது. தங்கள் மிளகாயை மூழ்கடிக்க வந்த தண்ணீரைக் கண்ணீர் வழிய வழியக் குலவையிட்டு உள்ளே அழைத்தார்கள்.

குடைபிடித்துக்கொண்டு நின்ற சர்வேயர் நோட்டை எடுத்தார். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். "பொதுமக்கள் குலவையிட்டு வரவேற்றனர். ஆட்சேபணை ஏதும் இல்லை."

"ஐயா, அது பழக்கம்யா," என்றாள் இருளாயி.

"இருக்கட்டும்மா. காதுல விழுந்ததைத்தானே நான் எழுத முடியும். அழுதிருந்தீங்கன்னா அழுததுன்னு எழுதியிருப்பேன்."

"அழுதுக்கிட்டேதான்யா போட்டோம்."

"அதுக்கு இந்தப் படிவத்துல இடம் இல்லை," என்று சர்வேயர் நோட்டை மூடினார்.

தவசிக்கு வந்த கோபத்தில், வழக்கப்படி மடையடியில் கட்டியிருந்த கிடாயை நோக்கி அரிவாளை ஓங்கினான். கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஓடியது, அங்கே யாரோ சமைத்துத் தின்றார்கள். அரிவாள் தண்ணீரில் இறங்கியது. இறங்கிய இடத்தில் இரண்டு முழ நீளத்துக்கு வெட்டு விழுந்து, பரங்கிக்காயைக் கீறி வைத்ததுபோல அப்படியே பிளந்து நின்றது. அடியில் காய்ந்த கரிசல் தெரிந்தது, அதில் ஒரு கட்டெறும்பு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர் குனிந்து பார்த்தது. பிறகு ஆளாளுக்கு வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் முதல் நெடுவாக்குளத்தில் தண்ணீர் வெட்டு ஒரு வேலையாயிற்று. வண்டல் வெட்டுகிற மாதிரிதான், கட்டம் கட்டமாகக் கீறி, அடியில் கைகொடுத்துப் பெயர்த்து, கூடையில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு போய் வரப்புக்கு அந்தப் பக்கம் அடுக்கினார்கள். ஒரு கூடைத் தண்ணீர் ஒரு ஆட்டுக்குட்டி கனம் கனத்தது, நடக்கும்போது தலையில் நடுங்கியது, சிலதில் மீன் இருந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தது. மாரியப்ப ஆசாரி பட்டறையில் காலையிலிருந்து பொழுதுசாயும்வரை சாணை பிடித்தும் தீரவில்லை. தண்ணீரைத் தொட்ட அரிவாள் அப்புறம் கருவேலங்கொம்பைக்கூட வெட்டாது என்பதால் வீட்டுக்கு இரண்டு அரிவாள் வைத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் பார்த்தால், கண்மாய் முழுக்கத் தண்ணீர்ச் சுவர்கள் எழும்பி, சுவருக்கு நடுவே சதுரம் சதுரமாகக் காய்ந்த வயலும் சிவக்கத் தொடங்கிய மிளகாயுமாக நின்றது. வேலைக்குப் போன பெண்கள் சுவரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் தண்ணீர் ஒரு கூடைகூடக் குறையவில்லை. உத்தரவில் எவ்வளவு எழுதியிருந்ததோ அவ்வளவும் கண்மாய்க்குள்ளேயே இருந்தது, கரையைத் தாண்டிக் கொண்டுபோனால் கூடையோடு திரும்பி நடந்து வந்துவிட்டது. மேட்டு வயல்காரன் வெட்டியது பள்ளத்து வயல்காரன் தலையில் ஏறியது. எல்லாப் பள்ளத்துக்கும் கீழான பள்ளம் தவசியின் வயல். பத்தே நாளில் அவன் வயலில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் அடுக்கப்பட்டிருந்தது. அடியில் அவனுடைய மிளகாய் வாடாமல் நின்றது, கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, ஒவ்வொரு காயாகக் கெண்டைமீன் கொத்தியது. அவன் வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, நீ வெட்டுற, எனக்கு ஏறுது," என்றான்.

"நான் மட்டுமாடா வெட்டுறேன். ஊரே வெட்டுது."

"ஊரு எனக்கு அக்காவா?"

இருளாயி கூடையைக் கீழே வைத்தாள். பிறகு தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய், அவன் வயலில்தான் கொட்டினாள். வேறு எங்கே கொட்டினாலும் அது நடந்து அங்கேதான் போகும்.

பட்டாக்காரர்களுக்கு இது பிடிக்குமா. நிலம் நனைந்திருந்தால்தான் அவர்களுக்குப் பணம், காய்ந்திருந்தால் கூலிக்காரியின் பெயர். திருமேனிநாதன் முதலில் இருபது ஆட்களை லாரியில் ஏற்றி அனுப்பினார், சுவர்களை இடித்து வயல்களை நனைத்துவிட்டு வாருங்கள் என்று. ஊர் விடவில்லை. மேட்டு வரப்பில் கட்டைக்குக் கட்டை, கல்லுக்குக் கல் என்று நடந்தது. ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கியது, ஒருவனுடைய காது கிழிந்து தொங்கியது, ஒருவனுக்கு மண்வெட்டியால் மண்டை பிளந்தது. மண்டை பிளந்தவனின் ரத்தம் வரப்பிலிருந்து வழிந்து வயலில் இறங்கியதும், ஐந்து வயலுக்குச் சுற்றுச்சுவராக நின்ற தண்ணீர் ஒரே மூச்சில் சரிந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. அரிவாளால் எத்தனை வெட்டினாலும் ஆறாத தண்ணீர் ரத்தம் பட்டதும் ஆறிவிட்டது. ஐந்து குடும்பத்தின் மிளகாய் அன்றைக்குப் போயிற்று. ஆறின தண்ணீரை மறுபடி வெட்டினால் அரிவாள் சும்மா உள்ளே போய் வெளியே வந்தது.

ஊர் அதற்கும் பழகியது. காலில் முள் தைத்தால் கரைக்கு வந்துதான் எடுத்தார்கள். ஆளுக்கு ஆள் செருப்புப் போட்டுக்கொண்டார்கள். கையில் கொசு உட்கார்ந்தால் அடிக்கவில்லை, எரிச்சலில் அடித்த கொசுவின் ரத்தத்துக்கே சாண் அகலத் தண்ணீர் மூடியது, ஆகவே வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பட்டாக்காரர்கள் கூலிக்கு ஆள் பிடித்து விரலைக் கீறிச் சொட்டவிட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் அசையவில்லை. ஆட்டு ரத்தம் ஊற்றினார்கள், அதற்கும் அசையவில்லை. ஒருவன் இன்னொருவனைக் கோபத்தோடு அடித்துச் சிந்தியதற்குத்தான் மூடியது. ஒரு கை ரத்தத்துக்கு ஒரு ஏக்கர் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

இது தெரிந்தபிறகு திருமேனிநாதன் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார். தானே ஜீப்பில் வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு கரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வருகிற போகிறவர்களிடம் ஆதரவாகப் பேசினார். உன் வரப்பை அவன் ஒரு முழம் தள்ளிவிட்டானாமே என்றார், நீ இல்லாத நேரம் உன் மாமனார் சுவரில் அவள் கீறுகிறாளாமே என்றார், எனக்கென்ன, காதில் விழுந்ததைச் சொன்னேன் என்றார். இரண்டே வாரம். மேலத்தெரு அண்ணன் தம்பி இருவரில் தம்பி அண்ணனின் கட்டைவிரலை எடுத்தான், இரண்டு ஏக்கர் மூடியது. சம்பந்திகள் இருவர் வரப்பில் கட்டிப்புரண்டு ஒருவர் மூக்கை ஒருவர் கடித்தார்கள், ஒரு ஏக்கர் மூடியது. தண்ணீர்க்கூடையை யார் முதலில் கொட்டுவது என்ற தகராறில் மூக்கன் என்பவன் செத்தே போனான், பதினேழு ஏக்கர் மூடியது; அவனை எடுத்துவர ஓடிய அவன் பெண்டாட்டி கழுத்தளவுத் தண்ணீரில் நீந்தி வந்தாள். இருபத்தொன்பதாம் நாள் கண்மாய் நிறைந்து அழகாக இருந்தது. எங்கிருந்தோ நாரைகள் வந்திருந்தன. நடுவில் காய்ந்து நின்றது இருளாயியின் இரண்டு ஏக்கர் மட்டும். அவளை யார் என்ன சொன்னாலும் கோபம் வரவில்லை, அவள்மேல் கோபப்படவும் யாரும் மிச்சமில்லை, ஒருவனைத் தவிர.

அவனிடம் திருமேனிநாதன் ஒரு பத்திரத்தைக் காட்டினார். கரைக்கு வெளியே மூன்று ஏக்கர், தவசி பெயரிலேயே குத்தகை, எழுத்தில்.

"கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி," என்றார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு சர்வேயர் வாரார். அதுக்குள்ள அந்த வயலு மூடணும். உயிரை எடுக்கச் சொல்லலை தவசி. ரெண்டு கை ரத்தம். உங்க அக்காகாரி உன் தலையில எத்தனை கூடை கொட்டினா, எண்ணிப் பாத்தியா?"

தவசி எண்ணித்தான் வைத்திருந்தான்.

மறுநாள் தவசியின் வயல் வழியாகவே ஜீப் வருவதற்கு ஒரு பாதை வெட்டியிருந்தார்கள்; அங்கே அடுக்கியிருந்த தண்ணீரில் இன்னும் ரத்தம் படவில்லை, அதனால் அரிவாளுக்கு வெட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரச் சுவர், நடுவில் ஜீப் அகலத்துக்குக் காய்ந்த தரை, சக்கரத்துக்கு அடியில் அவனுடைய மிளகாய்ச் செடிகள். திருமேனிநாதன் டிரைவர் இல்லாமல் தானே ஓட்டிக்கொண்டு வந்து, பள்ளத்தின் நடுவில் நிறுத்தி, நிழல் குளுமையாக இருந்ததால் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிக்குத் தவசி அக்கா வயலுக்குள் இறங்கினான். கையில் அரிவாள் இருந்தது. இருளாயி பழுத்த மிளகாயாகப் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தாள். அரிவாளைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"அக்கா, என்னை ஏசு."

"எதுக்கு ஏசணும்?"

"ஒருதரம் ஏசுக்கா. நாயேன்னு சொல்லு. தண்டச்சோறுன்னு சொல்லு. சின்னப்பிள்ளையில சொல்லுவயில்ல."

அவனுக்குக் கோபம் வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் மூன்று மணிநேரம் வராமல் இருந்தால் போதும். தூக்குச்சட்டியைத் திறந்து, கேப்பைக்கூழில் மோரை ஊற்றிக் கரைத்து, கடித்துக்கொள்ள வெங்காயம் உரித்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு சட்டியைத் தூக்கிக் குடித்தான். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அழுதான்.

"பத்திரத்துல என் பேரு எழுதியிருக்குக்கா. பாத்தேன்."

"எழுதட்டும். நல்லதுதானே."

"ஏசுக்கா."

"உன்னை எதுக்குய்யா நான் ஏசப்போறேன்," என்று அவன் தலையைத் தடவினாள். அந்த இடத்தில்தான் அவள் பிசகினாள். அவனைக் குளிரவைக்க வேண்டும் என்ற ஆசையில், மனசில் இருந்ததையே சொன்னாள். "இந்தா பாரு, எம்பேரு ஏறட்டும். ஏறினதும் இதுல பாதியை நீ செய். நான் தாறேன். எப்பவும் நான்தானே தந்திருக்கேன்."

தவசி நிமிர்ந்தான். முப்பது வருஷம் அவள் இடுப்பிலிருந்து இறங்கவே இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியதுபோல இருந்தது. கோபம் வந்துவிட்டது. "நீ தருவியா?" என்றான். "என் வயலை மூழ்கடிச்சிட்டு, பாதி தருவியா எனக்கு?" அரிவாள் வந்த வேகத்துக்கு இருளாயி இடது கையைக் குறுக்கே கொடுத்தாள், உள்ளங்கை குறுக்காகப் பிளந்தது.

ரத்தம் வெளியே எட்டிப்பார்க்கும் முன்பே கையை மூடினாள், மூடின கையை முந்தானைக்குள் திணித்தாள், முந்தானையை நான்கு சுற்றுச் சுற்றி வயிற்றோடு அழுத்திப் பிடித்தாள். ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர்ச் சுவர் நான்கும் மோப்பம் பிடித்ததுபோல ஒருதரம் உள்ளே வளைந்து, ஒன்றும் கிடைக்காமல் நிமிர்ந்துகொண்டது. தவசி அதைப் பார்க்கவில்லை. அரிவாளைப் போட்டுவிட்டு, வெட்டியாயிற்று என்று நினைத்து, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வரப்பேறிக் குதித்து, பள்ளத்துப் பாதையில் ஜீப்பைப் பார்த்து ஓடினான்.

இருளாயி நடந்தாள். வயலின் எல்லைக்கு நாற்பது எட்டு வைக்க வேண்டும். சேலை நனைந்து கனத்தது, உள்ளே சூடாக இருந்தது, குனிந்தால் ஒழுகும் என்று முதுகை நிமிர்த்தி, தலையில் குடம் இருக்கிறதுபோல நடந்து வரப்பில் ஏறினாள். முன்னால் கீழே பாதை, பாதையில் ஜீப், ஜீப்பின் பானெட்டில் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு திருமேனிநாதன் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு எட்டில் அவளுடைய மிளகாய்.

"தவசி, மேல வா," என்றாள்.

அவன் திரும்பவில்லை. திருமேனிநாதன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "என்ன இருளாயி, வயலு மூடிருச்சா?"

"இல்லைங்க."

அவருக்குச் சிரிப்பு நின்றது. அவளுடைய முந்தானையைப் பார்த்தார். இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தார். பேனாவோடு கை அப்படியே நின்றது.

"தம்பி, மேல வாடா."

"ஒரு கையெழுத்துக்கா," என்றான் தவசி, பத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வாங்கிட்டு வந்துர்றேன்."

முந்தானையின் கடைசிச் சுற்றிலும் சிவப்பு தெரிய ஆரம்பித்தது. இனி எந்தப் பக்கமாவது விழுந்துதான் ஆக வேண்டும். பின்னால் விழுந்தால் வயல், முன்னால் விழுந்தால் பாதை. மூன்றாம் தடவையும் கூப்பிட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, தாய் செத்த அன்றைக்கு அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ அதைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் பத்திரத்தின் மூலையைப் பிடித்து, "இங்கதான் போடணும், இங்க," என்று திருமேனிநாதனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். இருளாயி முந்தானையை உருவிவிட்டு, கையை முன்னால் நீட்டி விரித்தாள்.

சுவர்கள் சத்தம் போடவில்லை. வாய் மூடுகிற மாதிரி மூடிக்கொண்டன. ஜீப்பின் ஹாரன் மட்டும் அடியிலிருந்து கொஞ்சநேரம் அடித்தது, பஸ்ஸுக்கு ஒதுங்கின தண்ணீர் இதற்கு ஒதுங்கவில்லை. பிறகு ஒரு செருப்பு மேலே வந்தது. ஒரு நாரை வந்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. இருளாயி வரப்பில் உட்கார்ந்து கை வறண்டு கசிவாகும்வரை அந்தப் பக்கமாகவே நீட்டிக்கொண்டிருந்தாள், பிறகு மறுபடி முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

இரண்டு மணிக்குச் சர்வேயர் கரைவழியாக நடந்து வந்தார். அளவுகோலை அவள் வயலில் ஊன்றினார், புழுதி பறந்தது. நான்கு மூலையிலும் ஊன்றினார், நான்கிலும் புழுதிதான். ஒரு மிளகாயைப் பறித்து முகர்ந்து பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"பயிர் பண்றது யாரும்மா?"

"இருளாயி."

"அப்பா பேரு?"

"பெரியகருப்பன்."

"கூட்டு யாராச்சும் இருக்காங்களா? அண்ணன், தம்பி?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "இல்லைங்க."

எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். மைப்பெட்டியை எடுத்து நீட்டி, இடது கைப் பெருவிரலை வைக்கச் சொன்னார். அவள் கரைக்குப் போய்விடலாம் என்றாள். எதற்கு அவ்வளவு தூரம் என்று முணுமுணுத்தாலும் வந்தார். வயலுக்கும் தண்ணீருக்கும் அப்பால், புளியமரத்தடியில், அவள் முந்தானையை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக் கையை வெளியே எடுத்தாள். சர்வேயர் மைப்பெட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு நோட்டை நீட்டினார். வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ரேகை விழலையேம்மா, வெறும் சிவப்பாத்தான் இருக்கு. இன்னொருதரம் வை."

இன்னொருதரம் வைத்தாள்.